காதண்ணனும் மோட்டார் கிடாரும்

காதண்ணனுக்கு அந்தப் பெயரை வைத்தது கிடார் கடைக்காரர்தான். கடை இருப்பது டயர் கடைக்கு மேலே, மாடியில். ஒருநாள் கடைக்காரர் யாருடைய கிடாருக்கோ புதுக் கம்பி மாட்டிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். கீழே சக்கரம் கழற்றும் சத்தம் உயிரை வாங்கியது. அந்த இரைச்சலுக்கு நடுவில் படியேறி வந்த மனிதர் பாதிப் படியில் நின்று, "மூணாவது கம்பி இறங்கியிருக்கு, பாருங்க" என்று குரல் கொடுத்தார். கடைக்காரர் பார்த்தார். இறங்கித்தான் இருந்தது. "யோவ், இது காதா வேற ஏதாவதா?" என்று வாயைப் பிளந்தவர், அன்றிலிருந்து அவரைக் காதண்ணன் என்றே கூப்பிட ஆரம்பித்தார். கடைக்கு வருகிற கிடார்க்காரர்கள் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிக் கணக்கில் மட்டும் இருந்தது.

சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பெயரில் அண்ணனுக்கு அப்படியொரு பெருமை. பிறர் பணத்தைச் சேர்த்து வைப்பார்கள், நிலத்தைச் சேர்த்து வைப்பார்கள். அண்ணன் சேர்த்து வைத்தது அது ஒன்றுதான். அவருக்குக் கிடார் சொல்லிக் கொடுத்தவர் யாரும் கிடையாது. சின்ன வயதில் அடுத்த வீட்டில் குடியிருந்தவர் காலி செய்துகொண்டு போகும்போது, இரண்டு கம்பி அறுந்துபோன ஒரு கிடாரைச் சுவரோரம் சாத்தி வைத்துவிட்டுப் போனார். அண்ணன் அதை எடுத்து வந்து, ரேடியோவில் பாட்டு வரும்போதெல்லாம் அதோடு சேர்த்து ஒவ்வொரு கம்பியாகத் திருகித் திருகிப் பார்த்தார். மீதி இரண்டு கம்பி வாங்கியது அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வந்த பிறகுதான். அதுவரை நாலு கம்பியிலேயே ஓட்டினார். அப்படி வளர்ந்த காது அது.

அச்சகத்தில் அவருக்கு மிஷின் வேலை. மை போடுவது, தாள் போடுவது, நாலு வண்ணமும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காருகிறதா என்று பார்ப்பது. ஒரு தடவை, அடித்து முடித்த தாளோடு ஒரு பெண் வந்து நின்றார். புதிதாகச் சேர்ந்திருந்த பிழை திருத்துபவர். "நீலம் நகர்ந்திருக்கு" என்றார். அண்ணன் பார்த்தார், தெரியவில்லை. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். மயிரிழை நகர்ந்திருந்தது. முதலில் கோபம்தான் வந்தது, காதல் வர ஒரு வாரம் ஆனது. அதற்கும் காரணம் அவர் மேஜையில் குனிந்து சிவப்பு மையால் பிழைகளைச் சுழித்துக்கொண்டே முணுமுணுத்த பாட்டு. மிஷின் ஓடுகிற சத்தத்திலும் அது சுருதி தப்பாமல் நின்றதை அண்ணன் கேட்டுவிட்டார்.

அப்புறமென்ன, கல்யாணம். கடைப் பையன்கள் முதல் நரைத்தவர்கள் வரை எல்லோருக்கும் அவர் அண்ணி ஆனார். அண்ணன் வாசிப்பார், அண்ணி பாடுவார். வீட்டு விசேஷம், நண்பர் வீட்டு மொட்டை மாடி என்று ஆரம்பித்து, கடைசியில் ஆற்றைப் பார்த்த ஓட்டல் ஒன்றின் மேல்மாடியில், வார இறுதி மாலைகளில் அவர்களுக்கென்று ஒரு மூலை கிடைத்தது. ஒரு ஸ்டூல், ஒரு மைக், அவ்வளவுதான் மேடை. அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார், அண்ணி அவருக்கு இடது பக்கம் நிற்பார். அண்ணனின் இடது கை கிடாரில் எங்கே நகர்கிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துத்தான் அடுத்த வரியை எடுப்பார். பழகிய இடம். வேறு பக்கம் நிற்கலாம் என்று இரண்டு பேருக்கும் தோன்றியதே இல்லை.

இப்போது கதைக்கு வருவோம்.

ஒரு மதியம் கடைக்காரர் ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்தார். அன்று கடையில் நாலு பேர் இருந்தார்கள். கம்பிகளை ரப்பர் மாதிரி வளைத்து இழுத்து வாசிக்கும் நெட்டையன். பாஸ் கிடார் வாசிக்கும் பெரியவர், எதற்கும் குறை சொல்வதால் அவருக்குப் பெயர் புலம்பல். சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடும் கல்லூரிக்காரி. நாலாவது காதண்ணன். பெட்டிக்குள்ளிருந்து வந்தது, தலைப்பக்கம் புதுமாதிரியாகத் தடித்திருந்த ஒரு கிடார். தலைக்குப் பின்னால் சின்ன மோட்டார்ப் பெட்டி ஒட்டியிருந்தது.

கடைக்காரர் வேண்டுமென்றே எல்லாக் கம்பிகளையும் தளர்த்திவிட்டார். பொத்தானை அமுக்கி ஒரு தடவை வருடினார். ஆறு திருகுகளும் யாரும் தொடாமல் கிர்ர் கிர்ர் என்று தாமே திரும்பின. பச்சை விளக்கு எரிந்தது. மறுபடி வருடினார். சுத்தமான சுருதி.

"தெய்வமே!" என்று நெட்டையன் கையெடுத்துக் கும்பிட்டான். "நான் இழுக்கிற இழுப்புக்கு ஒவ்வொரு பாட்டுக்கும் கம்பி கழண்டுக்குது. திரும்பி நின்னு திருகிட்டு நிமிர்ந்து பாத்தா, முன்னால இருக்கிறவன்லாம் போனை நோண்டிட்டிருக்கான். எனக்கு இன்னிக்கே வேணும்."

"பேட்டரி பாதிப் பாட்டுல செத்துப்போச்சுன்னா?" என்றார் புலம்பல். "கிடார் தலையில பாரம் வேற. உக்காந்து வாசிக்கிறப்ப அது ஒரு பக்கம் சாயும், நீ ஒரு பக்கம் சாய்வே. மோட்டாருக்குள்ள பல்லு தேஞ்சா யார் செஞ்சு குடுப்பா? நல்லா இருக்கிறதை எதுக்குய்யா நோண்டறாங்க?"

"எனக்கு நாலு பாட்டுக்கு நாலு விதமா சுருதி வேணும், அங்கிள்" என்றாள் கல்லூரிக்காரி. "அதுக்காக மூணு கிடாரைத் தூக்கிட்டு பஸ்ல போறேன். இதுல ஒரு பொத்தான் போதும்னா என் தோளாவது பிழைக்கும். இன்னொண்ணு கூட வந்திருக்கு தெரியுமா? கம்பியோட அடியில ஸ்பிரிங் வச்சது. கம்பி தளர்ந்தா ஸ்பிரிங்கே இழுத்துப் பிடிச்சிக்குமாம், சுருதி அசையவே அசையாதாம்."

"அசையவே அசையாதா?" நெட்டையன் பதறிவிட்டான். "அப்போ நான் கம்பியை இழுத்தா? அதுவும் அசையாதா? அது கிடாரா, இரும்புக் கதவா?"

கடைக்காரருக்கு விற்றால் போதும். அவர் எல்லாருக்கும் தலையாட்டினார். கடைசியில் எல்லோர் முகமும் காதண்ணன் பக்கம் திரும்பியது.

அண்ணன் உதட்டைப் பிதுக்கினார். "உப்பு சரியா இருக்கான்னு மிஷின்கிட்ட கேட்டுட்டா சாப்பிடுவீங்க? சுருதி சேர்க்கத் தெரியாதவன் எதுக்குக் கிடாரைத் தூக்கணும்? தலைகீழா நின்னாலும் நான் இதைத் தொட மாட்டேன்."

"அண்ணே, கண்ணாடி மட்டும் போட்டிருக்கீங்களே?" என்றாள் கல்லூரிக்காரி. புலம்பல்கூடச் சிரித்துவிட்டார். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. வீம்புக்கு அவளுடைய கிடாரை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, தன் காதாலேயே சுருதி சேர்த்துக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார். அவள், "தேங்க்ஸ் அண்ணே" என்று மட்டும் சொன்னாள். வாசித்துப் பார்க்கவில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை ஓட்டலில் மேனேஜர் அண்ணனை லிஃப்ட் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். நல்ல மனிதர்தான், ஆனால் வாயில் வார்த்தை வர அவ்வளவு கஷ்டப்பட்டார்.

"தப்பா நினைக்காதீங்க சார். மேடம் குரல்... சுருதியில நிக்க மாட்டேங்குதுன்னு சொல்றாங்க. ஒருத்தர் ரெண்டு பேர் இல்லை, நிறைய பேர் சொல்லிட்டாங்க. நாளைக்கு முதலாளி குடும்பத்தோட சாப்பிட வரார். நாளைக்கும் இப்படியே இருந்தா, அடுத்த வாரத்திலேருந்து வேற ஒரு பொண்ணு பாடட்டும். உங்களுக்கு ஒண்ணும் இல்லை, நீங்க வழக்கம்போல வாசிங்க."

அண்ணனுக்கு ரத்தம் தலைக்கேறியது. "அவ குரலா? உங்களுக்குக் காது இருக்கா?"

"எனக்கு இல்லைன்னே வச்சுக்குங்க சார். சூப் குடிக்க வர்றவங்களுக்கு இருக்கே" என்று சொல்லிவிட்டு மேனேஜர் நழுவிவிட்டார்.

அன்று மாலை அண்ணன் வாசித்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். ஒவ்வொரு வரியிலும் அண்ணியின் குரலைத் தன் கம்பியோடு வைத்துப் பார்த்தார். இம்மி பிசகவில்லை. கம்பி எங்கேயோ குரல் அங்கே. இதில் என்ன குறை கண்டார்கள், படுபாவிகள்? ஆனால் பாட்டு முடிந்ததும் வந்த கைதட்டல், கடமைக்கு இரண்டு தட்டு. முன்பெல்லாம் இப்படி இருந்ததில்லை. அண்ணியோடு பாடாமல் வேறு யாரோடோ அந்த ஸ்டூலில் உட்காருவதை நினைத்துப் பார்த்தார். முடியவில்லை.

வீட்டுக்குப் போனதும், "நாளைக்குக் கொஞ்சம் கீழ வச்சுப் பாடிக்கலாமா? மேல போற பாட்டெல்லாம் வேணாம்" என்றார், பொதுவாகச் சொல்வதுபோல.

"எதுக்கு?"

"சும்மாதான். முதலாளி வராராம்."

அண்ணி அவரைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்கப் பிழை திருத்தியவரிடம் பொய் சொல்வது லேசான காரியமா? ஆனாலும் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார். அண்ணன் தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, முதலாளி வருகிறாரே என்று கிடாருக்குப் புதுக் கம்பி மாட்ட உட்கார்ந்தார். பழைய திருகு ஒன்று கையோடு உடைந்து வந்துவிட்டது. அச்சகத்தில் அவசர வேலை, போயே ஆக வேண்டும். அண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"நீங்க கிளம்புங்க. நான் கடையில குடுத்து வாங்கிட்டு நேரா ஓட்டலுக்கு வந்துடறேன்" என்றார் அண்ணி.

சாயங்காலம் ஓட்டலில் உறையைத் திறந்தால், உள்ளே மோட்டார் கிடார்.

"இதையா குடுத்தான் அவன்?"

"உங்களுதுக்குத் திருகு வர நாலு நாளாகுமாம். இதை எடுத்துட்டுப் போங்கன்னார்."

"வேற கிடாரே இல்லையாமா கடையில? என்னை வெறுப்பேத்தணும்னே குடுத்திருக்கான். அவனை..."

முதலாளி குடும்பம் லிஃப்டிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தது. மேனேஜர் அங்கிருந்தே கையைக் காட்டினார். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு பொத்தானை அமுக்கி வருடினார். கிர்ர் கிர்ர். பச்சை விளக்கு. மறுபடி வருடிப் பார்த்தவர் முகம் சுளித்தார். தடித்த கம்பிகள் சரி. மெல்லிய கம்பிகள் இரண்டும் கூசுகிற அளவுக்கு ஏறியிருந்தன.

"பாத்தியா? பொய் சொல்லுது!" திருகுக்குப் போன அவர் கையின்மேல் அண்ணி தன் கையை வைத்தார்.

"விடுங்க. இடைவேளை வரைக்கும் இது இப்படியே இருக்கட்டும்."

"ஏறியிருக்கும்மா!"

"எனக்காக."

அண்ணி இப்படி எதையும் எப்போதும் கேட்டதில்லை. அண்ணன் கையை எடுத்துவிட்டார்.

முதல் பாட்டு. அண்ணி முதல் வரியை எடுத்தார், பாதியில் தயங்கினார். வழக்கமாக இறங்கும் படி ஒன்றில் கால் வைக்கப் போய், அங்கே படியே இல்லாததுபோல ஒரு தயக்கம். இரண்டாவது வரியில் குரல் நிமிர்ந்தது. மூன்றாவது வரியில் அப்படியே விரிந்தது. தட்டு ஏந்திப் போன பணியாள் நடையை நிறுத்தினார். மேனேஜர் கல்லாவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். முதலாளி கரண்டியைக் கீழே வைத்தார்.

அண்ணனுக்கோ வியர்த்துக் கொட்டியது. அவர் காதில் எல்லாமே தப்பாக விழுந்தது. கிடார் ஏறிக் கிடக்கிறது, அண்ணி அதற்கு மேல் ஏறிப் பாடுகிறார். மேனேஜர் சொன்னது நிஜம்தானோ? குரல் போயே போய்விட்டதோ? பாட்டு முடிந்தால் சிரிக்கப் போகிறார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் வந்தது கைதட்டல். எங்கிருந்தோ ஒருவர் விசில் அடித்தார். அடுத்த பாட்டுக்கு இன்னும் பலமாகத் தட்டினார்கள். இவர்களுக்குப் பைத்தியமா, எனக்கா என்று அண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இடைவேளையில் சமையலறைக்குப் போகும் நடையில், அடுக்கி வைத்த நாற்காலிகளுக்குப் பக்கத்தில் அண்ணியை நிறுத்தினார்.

"எல்லாம் ஏறியிருக்கு. கிடாரும் ஏறியிருக்கு, நீயும் ஏறிப் பாடறே. அவங்க என்னடான்னா கைதட்டறாங்க. என்ன நடக்குது இங்க?"

அண்ணி அவர் கையிலிருந்து கிடாரை வாங்கிக்கொண்டார். "இடது காதைப் பொத்திக்கோங்க."

"எதுக்கு?"

"பொத்துங்க, சொல்றேன்."

அண்ணன் பொத்தினார். அண்ணி கடைசி மெல்லிய கம்பியைச் சுண்டினார். சரியான சுருதி. தடித்த கம்பியோடு சேர்த்துச் சுண்டினார். பொருந்தி நின்றது.

"இப்ப வலது காதை."

அதே கம்பி. அதே சுண்டல். ஆனால் சத்தம் மேலே போய்விட்டது.

அண்ணன் கையை மாற்றி மாற்றிப் பொத்தினார். இடது, வலது, மறுபடி இடது. ஒரே கம்பி இரண்டு காதிலும் இரண்டு இடத்தில் ஒலித்தது. நீலம் நகர்ந்துபோன படம் அவருக்கு ஞாபகம் வந்தது. ஒரே முகத்துக்கு இரண்டு ஓரம் தெரியுமே, அது. அச்சகத்துக்குப் பிற்பாடு வந்த பெரிய மிஷின் நிற்பது அவருக்கு இடது பக்கம். அதன் ஊளையோடு தினமும் நிற்பவர் அவர்.

"எத்தனை நாளா?" என்றார்.

"அந்தப் பெரிய மிஷின் வந்த கொஞ்ச நாள்லேருந்து. நீங்க மெல்லிசுக் கம்பிங்களை இறக்கி இறக்கி வைக்க ஆரம்பிச்சிட்டீங்க."

"சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேனே. 'கடைசிக் கம்பி கொஞ்சம் இறங்கியிருக்கோ'ன்னு ஒரு தடவை கேட்டேன். நினைவில்லையா?"

நினைவிருந்தது. அன்று அண்ணன் கிடாரை உறையில் போட்டு அலமாரிக்கு மேலே தூக்கி வைத்தார். காதே போச்சுன்னா அப்புறம் நான் எதுக்கு என்று ஒரு வார்த்தை சொன்னார். ஒரு மாதம் அதைக் கீழே இறக்கவே இல்லை. அண்ணிதான் கெஞ்சிக் கூத்தாடி இறக்க வைத்தார்.

"அப்போ நீ... இத்தனை நாளும்?"

"கிடார் எங்க நிக்குதோ அங்கதானே நான் நிக்கணும்? அது இறங்கிச்சு, நானும் இறங்கிக்கிட்டேன்."

"எல்லாரும் உன் குரல் போச்சுன்னு பேசறாங்களே, அது தெரியுமா உனக்கு?"

"லிஃப்ட் பக்கத்துல பேசினா சமையலறை வரைக்கும் கேக்கும். அவங்க இதை இப்பவா சொல்றாங்க? என் காதுபடவே எத்தனையோ தடவை சொல்லியிருக்காங்க. சொல்லிட்டுப் போகட்டும். எனக்குன்னு பட்டமா குடுத்திருக்காங்க, பறிபோக? உங்களுக்குப் பேரே அதுதான்."

அண்ணனுக்கு அழுகை வந்தது. அடக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. தட்டுகளோடு போன பணியாள் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் போனார். "ஊர்ல எவன் பிழை விட்டாலும் சிவப்பு மையால சுழிச்சவ நீ. என் பிழையை மட்டும் விட்டுட்டியே" என்றார்.

"உங்ககிட்ட சுழிச்சா தாளையே கிழிச்சிடறீங்களே" என்றார் அண்ணி. அவர் கண்ணும் நிறைந்துதான் இருந்தது.

"அப்புறம் இன்னிக்கு மட்டும் ஏன்?"

"அந்தப் புதுப் பொண்ணு வந்தா உங்களுக்காக இறங்கிப் பாடுவாளா? முதல் பாட்டுலயே கிடார் தப்புன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோகும். அத்தனை பேர் முன்னால நீங்க தலைகுனிஞ்சு உக்காந்திருக்கிறதை என்னால நினைச்சே பாக்க முடியலை." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதோட எனக்கும் ஆசை இருக்காதா? ஒரே ஒரு நாளாவது என் குரல்ல பாடணும்னு."

அண்ணன் பக்கத்து மேஜையிலிருந்து ஒரு காகிதத் துடைப்பானை எடுத்துக் கிழித்து, உருட்டி, இடது காதில் அடைத்துக்கொண்டார்.

இடைவேளை முடிந்து திரும்பியதும் அவர் செய்த முதல் காரியம், மைக்கைத் தூக்கி ஸ்டூலுக்கு வலது பக்கம் வைத்ததுதான். மேனேஜர், "ஒயர் எட்டாது சார்!" என்று பதறினார். எட்டியது.

"இங்க நின்னா உங்க கை தெரியாதே?" என்றார் அண்ணி மெல்ல.

"உனக்கு எதுக்கு என் கை? நீ போற இடத்துக்கு நான் வரேன்."

அண்ணி பாட ஆரம்பித்தார். அண்ணனுக்குக் கேட்டது, ஒரு காலத்தில் மிஷின் சத்தத்துக்கு நடுவே மேஜையிலிருந்து வந்த அதே குரல். வயதாகியிருந்தது, அவ்வளவுதான். கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் ஆழம். சுருதி மட்டும் அன்று நின்ற இடத்திலேயே நின்றது. அண்ணன் இரண்டு இடத்தில் வாசிக்க மறந்துபோனார். யாருக்கும் அது தெரியவில்லை.

முதலாளி போகும்போது, "அடுத்த வாரமும் இவங்கதானே?" என்று கேட்டுவிட்டுப் போனார். மேனேஜர் ஓடி வந்து, "மேடம், தொண்டைக்கு என்ன சாப்பிட்டீங்க? எனக்கும் சொல்லுங்க" என்றார். "பேட்டரி" என்றார் அண்ணி. மனிதர் ஒன்றும் புரியாமல் சிரித்து வைத்தார்.

திங்கட்கிழமை அண்ணன் அச்சகத்துக்குப் போகுமுன் காது டாக்டரிடம் போனார். போனது போனதுதான், இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். அச்சகத்தில் ஆணியில் தூசி படிந்து தொங்கிக்கொண்டிருந்த காதுக் கவசத்தை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார். இத்தனை வருஷம் அதைப் பார்த்து, எனக்கு எதுக்கு என்று கிண்டலடித்தவர் அவர்தான்.

மதியம் கிடார் கடை. எல்லோரும் இருந்தார்கள். அண்ணன் மோட்டார் கிடாரை மேஜைமேல் வைத்து, "இந்த மோட்டாரை என் பழைய கிடார்ல மாட்டிக் குடு" என்றார்.

நெட்டையன்தான் முதலில் வாயைத் திறந்தான். "அண்ணே, தலைகீழா நின்னாலும்னு..."

"நின்னு பாத்துட்டேன்டா. தலை சுத்துது." அண்ணன் உட்கார்ந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். காது விஷயம், அண்ணி இறங்கிப் பாடிய விஷயம், எல்லாம். சொல்லி முடித்தபோது கல்லூரிக்காரி மூக்கை உறிஞ்சினாள். கடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"அன்னிக்கு அண்ணிகிட்ட மூணு கிடாரைக் காட்டினேன், எதை வேணா எடுத்துக்கோங்கன்னு. நேரா போய் இதைத் தூக்கினாங்க. 'இதையா? அண்ணன் என்னைக் கொன்னுடுவார்'ன்னேன். 'உங்களைத்தானே, பரவாயில்லை'ன்னுட்டுப் போயிட்டாங்க."

"எனக்கும் ஒண்ணு சொல்லணும் அண்ணே" என்றாள் கல்லூரிக்காரி. "நீங்க சுருதி சேர்த்துக் குடுத்ததை நீங்க படியிறங்கினதும் நாங்க மறுபடி..."

"தெரியும் விடு. அன்னிக்கு நீ வாசிச்சுப் பாக்காம தேங்க்ஸ் சொன்னப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்."

எல்லாரும் சிரித்தார்கள். புலம்பல் மட்டும் விடவில்லை. "எல்லாம் சரிய்யா. பேட்டரி பாதிப் பாட்டுல செத்துப்போச்சுன்னா?"

அவர் வாய் முகூர்த்தமோ என்னவோ, அது நடந்தேவிட்டது. சில வாரம் கழித்து, ஓட்டலில் ஒரு மேஜை விடாமல் ஆள் இருந்த ஒரு சனிக்கிழமை. அண்ணன் ஒரு பாட்டு முடிந்து பொத்தானை அமுக்கினார். கிர்ர் என்று பாதி திரும்பிய திருகு நின்றுபோனது. விளக்கும் அணைந்தது. மெல்லிய கம்பி அந்தரத்தில் நின்றது. மேனேஜர் கல்லாவிலிருந்து எழுந்துவிட்டார். கிடாரோடு தொங்கிக்கொண்டிருந்த அந்தப் பெட்டியை அண்ணன் ஒரு பார்வை பார்த்தார். முன்பென்றால் கண்ணை மூடிக்கொண்டு தானே திருகியிருப்பார்.

அவர் வலது பக்கம் திரும்பினார். மைக் ஆனில்தான் இருந்தது, அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. கம்பியைச் சுண்டி, "எப்படி இருக்கு, சொல்லு" என்று கேட்டார். கடைசி மேஜை வரை கேட்டது.

அண்ணி ஒரு கணம் அவரையே பார்த்தார்.

"கடைசிக் கம்பி கொஞ்சம் இறங்கியிருக்கு" என்றார்.

அண்ணன் தலையாட்டிவிட்டு, அதை ஏற்றினார்.